43 பாகையில் நிற்க மறுத்த யோகட் பெட்டி

சென்ற சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மூடிய பெட்டியை அதிகாலை ஒரு மணிக்குத் திறந்தபோது, உள்ளே இருந்த நாற்பத்தெட்டுக் கிண்ணங்களும் ஒரே பதத்தில் உறைந்திருந்தன. ஐந்து மணி நேரப் பதிவைக் கணினியில் விரித்துப் பார்த்தேன். முதல் அரை மணி நேரத்தைத் தவிர்த்தால், பெட்டியின் வெப்பநிலை 42.8 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கவும் இல்லை, 43.2க்கு மேலே ஏறவும் இல்லை. இந்த நேர்கோட்டைப் பெறுவதற்கு ஏழு வாரங்களும், 5,850 ரூபாயும், இரண்டு தொகுதிப் பாலும், அக்காவின் பொறுமையில் பெரும்பங்கும் செலவாகியிருந்தன. எந்த இடத்தில் எதனால் தவறினேன் என்பது மறந்துபோவதற்கு முன் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அக்கா எங்கள் ஒழுங்கையில் உள்ள இரண்டு கடைகளுக்கு யோகட் போட்டுக் கொடுக்கிறார். நான்கு லீற்றர் பாலை 85 பாகை வரை காய்ச்சி, சீனியும் ஜெலற்றினும் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை சேர்த்து, 80 மில்லிலீற்றர் கிண்ணங்களில் ஊற்றி, பெரிய சட்டிக்குள் அடுக்கித் துவாயால் சுற்றி வைப்பது அவர் வழக்கம். யோகட்டை உறையச் செய்யும் இரண்டு வகை நுண்ணுயிர்களுக்கும் 42 முதல் 45 பாகை வரையான சூடு மிகவும் உகந்தது. வெயில் நாட்களில் துவாய் போதுமாக இருந்தது. மழை தொடர்ந்து பெய்யும் நாட்களில் எட்டு மணி நேரமாகியும் பால் தண்ணீராகவே கிடந்தது. ஒரு தொகுதி கெட்டால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் நட்டம். பெட்டி ஒன்று செய்து தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தது அப்படியொரு மழைநாளில்தான்.

மீன் கடையில் 900 ரூபாய்க்கு வாங்கிய ரெஜிபோம் பெட்டியில் வேலை தொடங்கியது. நீளம் 60, அகலம் 40, உயரம் 35 சென்ரிமீற்றர். சுவரின் தடிப்பு 25 மில்லிமீற்றர். மீன் மணம் போக இரண்டு நாள் தேசிக்காய்ச் சாறும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினேன். வெப்பத்துக்கு, வீட்டில் பழைய பொருட்களோடு கிடந்த 60 வாட் இழைக் குமிழ்கள் இரண்டை எடுத்துக்கொண்டேன். ரெஜிபோம் உருகாமல் இருக்கவும், வெளிச்சம் பாலில் நேரே விழாமல் இருக்கவும், அவற்றின் மேல் துளையிட்ட பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்தேன். அந்த டின்தான் பின்னால் என்னைப் பல நாள் அலைக்கழித்தது. குமிழை அணைத்த பின்னும் அது சூட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஆறுதலாகவே வெளியே விடும்.

முதல் முயற்சிக்கு 650 ரூபாய்க்குக் கிடைத்த டபிள்யூ 1209 என்ற சிறிய வெப்பநிலைச் சுற்றைப் பயன்படுத்தினேன். 43க்குக் கீழே போனால் குமிழை ஏற்றும், மேலே வந்தால் அணைக்கும். இடைநிலை என்று ஒன்று அதற்குத் தெரியாது. உணரியை மூடியின் உட்புறத்தில் ஒட்டினேன், விசிறி எதுவும் வைக்கவில்லை. இரண்டுமே பிழை. வெப்பநிலை 42க்கும் 45.4க்கும் இடையே ஊஞ்சல் ஆடியது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் எடுத்தது. அதில் குமிழ் எரிந்தது இரண்டரை நிமிடம் மட்டுமே. மூடியில் இருந்த உணரி சொன்ன எண் அது. டின்னை ஒட்டியிருந்த கிண்ணங்கள் பட்ட பாடு வேறு. மறுநாள் காலையில் டின்னுக்கு அருகே இருந்த பன்னிரண்டு கிண்ணங்களில் தெளிநீர் பிரிந்து புளிப்பேறியிருந்தது, எதிர்ச்சுவரோரம் இருந்த ஒன்பது உறையவே இல்லை. அக்கா இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை எடுத்து மேசையில் என் முன்னால் வைத்துவிட்டு, "தம்பி, உன்ர பெட்டியை விட என்ர துவாய் நல்லாச் செய்யும்" என்று மட்டும் சொன்னார்.

பழைய கணினியிலிருந்து கழற்றிய 80 மில்லிமீற்றர் விசிறியை உள்ளே பொருத்தியதும் மூலைக்கு மூலை இருந்த வேறுபாடு ஒரு பாகைக்குள் அடங்கியது. ஊஞ்சல் மட்டும் அடங்கவில்லை. அன்றிரவு தானியங்கிச் சுற்றைக் கழற்றிவிட்டு, கூரை விசிறிக்குப் பூட்டும் வேகத் திருகி ஒன்றின் வழியாகக் குமிழ்களுக்கு மின்சாரம் கொடுத்து, நானே பக்கத்தில் இருந்து திருகிப் பார்த்தேன். குளிர்ந்தால் கொஞ்சம் கூட்டுவேன், சுட்டால் கொஞ்சம் குறைப்பேன். ஒரு மணி நேரத்தில் பெட்டி 43இல் அமைதியாக நின்றது. நான் அப்போது என்ன செய்தேன் என்பதைக் கவனித்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து நான் திருகவில்லை. எவ்வளவு நேரமாகக் குறைவாகவே இருக்கிறது என்பதையும் பார்த்துத் திருகினேன். சரியான இடத்துக்கு வந்த பின் கையை எடுத்துவிட்டேன், திருகி அந்த இடத்திலேயே நின்றது.

மனிதன் பக்கத்தில் இருந்து திருகுவதை இயந்திரத்துக்கு மாற்றும் வேலை புதியதல்ல. 1922இல் நிக்கலாய் மினோர்ஸ்கி கப்பல்களைத் தானாகத் திருப்பும் முறை பற்றி எழுதியபோது, சுக்கான் பிடிப்பவர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்பதிலிருந்தே தன் கணக்கை எடுத்தார். நானும் சுக்கானை ஒப்படைக்க ஆர்டுயினோ நானோ என்ற, நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறிய மின்னணுப் பலகை ஒன்றை வாங்கத் தீர்மானித்தேன்.

100ஆம் இலக்கப் பேருந்தில் புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவில் இறுதியாக வாங்கியவை இவை: நானோவின் நகல் 1,650 ரூபாய், நீர் புகாத உறையிட்ட டீ.எஸ்.18பீ20 வெப்பநிலை உணரி 480. நானோ சொல்லும்போது குமிழ்களின் மின்சாரத்தை ஏற்றி அணைக்கும் மின்னணு ஆளியான 25 அம்பியர் திண்மநிலை ரிலே 1,150. குமிழ்த் தாங்கிகள் இரண்டும் சேர்த்து 440. வயரும் பெட்டி இணைப்பிகளும் 400. அந்த ரிலேயைத் திருப்பிக் கொடுப்பதற்காக இரண்டு நாளில் மீண்டும் அதே பேருந்தில் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சோதனைக்கு இழைக் குமிழுக்குப் பதில் ஓர் எல்.ஈ.டி. குமிழைப் பூட்டியிருந்தேன், ரிலே அணைந்திருக்கும்போதும் அது மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. ரிலே பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த இழைக் குமிழைப் பூட்டிக் காட்டினார். திண்மநிலை ரிலே அணைந்திருக்கும்போதும் சில மில்லி அம்பியர் கசியும், எல்.ஈ.டி.க்கு அந்தக் கசிவே போதும், இழைக் குமிழுக்கு அது ஒன்றுமே இல்லை. வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடு வேண்டுமா என்று கேட்டதற்கு, 120 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள் என்றார். அரை அம்பியர்தான் வருகிறது. தகட்டுக்கான பணம் மிஞ்சியது.

ரிலே முழுமையாக ஏற்றவோ அணைக்கவோ மட்டுமே வல்லது என்பதால், இரண்டு நொடிகளை ஒரு சாளரமாக எடுத்துக்கொண்டேன். 30 சதவீத வலு வேண்டுமென்றால், இரண்டு நொடியில் 0.6 நொடி குமிழ் எரியும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் இரண்டு நொடிக்குள் 200 அரை அலைகள் வருகின்றன. இந்த வகை ரிலே அலை பூச்சியத்தைக் கடக்கும்போதே ஏற்றும் என்பதால், வலுவை அரை சதவீதப் படிகளில் கூட்டிக் குறைக்க முடிகிறது. டின்னின் துளைகளில் வெளிச்சம் இமை கொட்டுவதுபோல் துடிப்பதைப் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சமையலறை வாசலில் நின்றே ஊகிக்கலாம். இந்த வசதிக்காகவே குமிழ்களை இன்னும் மாற்றவில்லை.

முதலில் எழுதியது விகிதசமக் கட்டுப்பாடு மட்டும். இலக்கிலிருந்து தற்போதைய வெப்பநிலையைக் கழித்தால் வருவது வழு. அந்த வழுவை ஒரு பெருக்கத்தால் பெருக்கினால் வருவது வலுச் சதவீதம். பெருக்கத்தை 20 என வைத்தேன், அதாவது ஒரு பாகை குறைந்தால் 20 சதவீதம். ஊஞ்சல் உடனே நின்றது. பெட்டியும் நின்றது, ஆனால் 43இல் அல்ல, 41.8இல். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் அந்த 1.2 பாகை நிரம்பவே இல்லை.

உணரி பிழையாகக் காட்டுகிறது என்று நினைத்து ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். முற்றாக வீண் என்றும் சொல்ல முடியாது: வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் இலக்கமுறை வெப்பமானியையும் உணரியையும் சேர்த்துப் பிடித்தபோது, வெப்பமானி 40.0 காட்ட உணரி 40.4 காட்டியது. டீ.எஸ்.18பீ20க்கு அரைப் பாகை வரை பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது, 0.4ஐக் கழிக்கும்படி நிரலில் எழுதினேன். ஆனால் 1.2 பாகைக் குறை அதனால் வந்ததல்ல. சமையலறை 30 பாகையில் இருக்கும்போது பெட்டியை 43இல் வைத்திருக்க ஏறத்தாழ 33 வாட் தேவைப்படுகிறது. அது 120 வாட்டில் 27 சதவீதம். விகிதசமக் கட்டுப்பாட்டில் வலு வருவதற்கு வழு இருந்தே ஆகவேண்டும். வழு பூச்சியமானால் வலுவும் பூச்சியமாகிவிடும், பெட்டி குளிரும். ஆகவே தனக்கு வேண்டிய வலுவைச் சம்பாதிக்கும் அளவுக்கு வழுவை வைத்துக்கொண்டு அது ஓரிடத்தில் குடியிருந்துவிடுகிறது.

பெருக்கத்தைக் கூட்டினால் குறை சிறுக்கும் என்பது வெளிப்படை. 40இல் குறை 0.6 பாகைக்கு வந்தது. 60க்கு ஏற்றியதும் பழைய ஊஞ்சல், சிறிய அளவில், ஆனால் தளராமல் திரும்பி வந்தது. கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் பத்து ஊசலை எண்ணினேன்: 31 நிமிடம். ஓர் ஊசலுக்கு 186 நொடி. அப்போது அது தோல்வியின் அளவீடாகத் தோன்றியதால் கொப்பியின் ஓரத்தில் கிறுக்கி வைத்தேன். பிறகு அந்த எண்ணே தேவைப்பட்டது.

இதற்கிடையில் ஒரு கெட்டித்தனமும் செய்தேன். நமக்கு வேண்டியது பாலின் வெப்பநிலையே அன்றிக் காற்றின் வெப்பநிலை அல்லவே என்று, உணரியை நீர் நிரப்பிய ஒரு கிண்ணத்துக்குள் இறக்கினேன். கேட்க நியாயமாக இருந்தாலும் விளைவு படுமோசம். காற்று சூடாகி, அந்தச் சூடு கிண்ணத்துக்குள் இறங்கி, உணரி அதை அறிவதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது. அதுவரை குமிழ்கள் எரிந்துகொண்டே இருக்கின்றன. காற்றைக் கட்டுப்படுத்தி, கிண்ணத்தை வேறொரு வெப்பமானியால் அவ்வப்போது பார்த்துக்கொள்வதே சரி. உணரி இப்போது நடு வரிசையில், கிண்ணங்களின் விளிம்பு உயரத்தில், எதையும் தொடாமல் தொங்குகிறது.

குறையை நிரப்ப அடுத்துச் செய்தது, கணக்கின் முடிவோடு எப்போதும் 27 சதவீதத்தைக் கூட்டிவிடுவது. பெட்டி 43.0இல் நின்றது, நான் வெற்றி என்று எழுதினேன். மறுவாரம் மழை. இரவு சமையலறை 25.5 பாகைக்கு இறங்கியது, பெட்டி 42.6இல் நின்றது. அதற்கடுத்த வெயில் நாளில் சமையலறை 34; பெட்டி 43.4. யோகட்டுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். அக்காவுக்குப் பெட்டி வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இந்தப் பதிவு இந்த இடத்தில் முடிந்திருக்கும். ஆனால் வானிலை மாறும்போதெல்லாம் கணினியைத் திறந்து 27ஐ 31 ஆக்குவதும் 22 ஆக்குவதும் நானாக இருந்தேன். வேகத் திருகியைச் சுழற்றிய கை இன்னும் என்னுடையதாகவே இருந்தது.

அந்தக் கையின் வேலையைச் செய்வதே தொகையீடு. வழுவை ஒவ்வொரு நொடியும் ஒரு சிறு பெருக்கத்தால் பெருக்கி ஓர் உண்டியலில் போட்டுக்கொண்டே வரவேண்டும். உண்டியலில் இருப்பதை விகிதசமப் பங்கோடு கூட்டி வலுவாக அனுப்பவேண்டும். பெட்டி இலக்குக்குக் கீழே இருக்கும்வரை உண்டியல் நிரம்பும், மேலே போனால் குறையும், வழு பூச்சியமானால் இருந்தது அப்படியே இருக்கும். வழு இல்லாமலே 27 சதவீதம் கொடுக்கும் வழி இது. பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஊழியர் கையால் திருகிச் சரிசெய்ததைக் கருவியே செய்யத் தொடங்கியதால், தொகையீட்டுப் பங்கை ஒரு காலத்தில் 'தானியங்கி மீளமைப்பு' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். பொருத்தமான பெயர், 'தொகையீடு' என்று சொன்னால் பள்ளிக்கூடக் கரும்பலகை நினைவுக்கு வந்து பலர் ஓடிவிடுகிறார்கள்.

எவ்வளவு பெருக்கம் வைப்பது என்பதற்கு, சீக்லர், நிக்கல்ஸ் என்ற இரு பொறியியலாளர்கள் 1942இல் வெளியிட்ட விதியை எடுத்தேன். கொப்பியின் ஓரத்தில் கிறுக்கிய இரண்டு எண்கள் போதும். ஊஞ்சல் தளராமல் ஆடத் தொடங்கிய பெருக்கம் 60, அதில் 0.45 பங்கு 27. ஊசல் நேரம் 186 நொடி, அதை 1.2ஆல் வகுத்தால் 155 நொடி தொகையீட்டு நேரம். 27ஐ 155ஆல் வகுத்தால் உண்டியலின் பெருக்கம் 0.174. பாலுக்குப் பதில் கிண்ணங்களில் நீரை நிரப்பி, பெட்டியை மூடி, மின்சாரத்தைக் கொடுத்தேன். இரண்டாவது தொகுதிப் பாலும் கெட்டுப்போன பிறகே நீரில் சோதிக்கும் புத்தி வந்திருந்தது.

பெட்டி 31இலிருந்து 43ஐ எட்ட 25 நிமிடம் எடுத்தது. எட்டியும் குமிழ்கள் முழு வெளிச்சத்தில் எரிந்தன. 44, 45, 47. திரையில் மூன்று எண்கள் ஓடிக்கொண்டிருந்தன: வெப்பநிலை, விகிதசமப் பங்கு, உண்டியல். 43ஐக் கடந்த கணத்தில் உண்டியல் 1,430. வலு 100ஐத் தாண்ட முடியாது. ஆனால் உண்டியலுக்கு அது தெரியாது. 25 நிமிடம் முழுவதும் குமிழ்கள் தம்மால் இயன்றதைச் செய்துகொண்டிருந்தபோதும், "இன்னும் போதவில்லை" என்று அது சேர்த்துக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் கழித்துப் பெட்டி 50.6இல் நின்றபோது உண்டியல் 640க்கு இறங்கியிருந்தது. விகிதசமப் பங்கு மறை 205. இரண்டையும் கூட்டினால் 435. இலக்கை ஏழரைப் பாகை தாண்டிய பின்னும் வலு நூறு சதவீதம். பிளக்கைப் பிடுங்கினேன். டின் தன் பங்குக்கு இன்னும் ஒரு பாகை ஏற்றிவிட்டே ஓய்ந்தது. பால் இருந்திருந்தால் மூன்றாவது தொகுதியும் போயிருக்கும்.

உண்டியல் இப்படி முறுக்கேறிப்போவது, தொகையீட்டைக் கையாளும் எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்வது என்று பிறகு அறிந்தேன். மருந்து எளிது: வலு ஏற்கெனவே நூறைத் தொட்டிருக்க, வழு இன்னும் கூட்டச் சொன்னால் உண்டியலில் போடாதே, பூச்சியத்தைத் தொட்டிருக்க, குறைக்கச் சொன்னால் எடுக்காதே. அதோடு உண்டியலைப் பூச்சியத்துக்கும் நூறுக்கும் இடையே கட்டிப்போட்டேன், தொடக்கத்திலேயே 25ஐ அதில் இட்டேன். நிரலில் நான்கு வரிகள். நூறுக்குள் கட்டிப்போடுவது மட்டும் போதாதா என்று முதலில் அதை மட்டுமே செய்து பார்த்தேன். உண்டியல் 100இல் நின்றபடியே இலக்கைக் கடந்தது. 27க்கு வடிவதற்குள் பெட்டி நன்றாகவே தாண்டிவிட்டது. இரண்டும் வேண்டும்.

முறுக்கு நீங்கிய பின் மூன்று நிமிட ஊசல் போயிருந்தது, ஆனால் புதிதாக ஓர் அலை வந்திருந்தது. ஏறத்தாழ 28 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. வெறும் பெட்டியில் அது இல்லை, கிண்ணங்களை அடுக்கினால் மட்டுமே வந்தது. அப்போதுதான் விளங்கியது: நான் அளந்த 186 நொடி, டின்னுக்கும் காற்றுக்கும் உணரிக்கும் இடைப்பட்ட விரைவான ஆட்டம். நான்கு லீற்றர் பால் தன் பாட்டில் மந்தமாகச் சூடேறுவது அந்த எண்ணில் தெரியவில்லை. அதற்குப் பொறுமையான உண்டியல் வேண்டும். பெருக்கத்தை 20க்கு இறக்கி, தொகையீட்டு நேரத்தை 300 நொடியாக்கினேன், அலை பாதியானது. 600 நொடியாக்கினேன்; அதாவது உண்டியலின் பெருக்கம் 0.033. பெட்டி 43ஐ 0.4 பாகை மட்டும் தாண்டி, ஒரே ஒருமுறை திரும்பி, நின்றது. விதிகளைக் குறை சொல்லவில்லை. தொடங்குவதற்கு ஓர் இடம் தந்தன, முடிப்பதற்கு அல்ல.

எண்கள் சரியான பிறகும் ஒரு கணக்கு ஒத்துவராமல் இருந்தது. உண்டியல், நான் தாளில் போட்டதைவிட மெதுவாக நிரம்பியது. ஒரு நொடிக்கு ஒருமுறை கூட்டுவதாக எண்ணி எழுதியிருந்தேன். 12 பிட் துல்லியத்தில் இந்த உணரி ஓர் அளவீட்டுக்கு 750 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்கிறது. அதற்காகக் காத்திருந்த பிறகு நிரல் தனியாக ஒரு நொடி தூங்கியது. ஆக ஒரு சுற்று 1.75 நொடி. என் 0.033 உண்மையில் 0.019. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றிலிருந்து கழிந்த நேரத்தை அளந்து அதனால் பெருக்குகிறேன். மேலே சொன்ன 300, 600 எல்லாம் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு மீண்டும் சோதித்துப் பெற்றவை. இன்னொன்றும் செய்தேன்: வழுவைக் கூட்டிவிட்டுப் பிறகு பெருக்காமல், பெருக்கிவிட்டுக் கூட்டுகிறேன். இதனால் ஓடிக்கொண்டிருக்கும்போது பெருக்கத்தை மாற்றினாலும் வலு திடீரெனத் துள்ளுவதில்லை. உண்டியலில் இருப்பது எப்போதும் சதவீதமாகவே இருப்பதால் கண்ணால் பார்க்கவும் வசதி.

வழு மாறும் வேகத்தைப் பார்க்கும் வகையீட்டுப் பங்கையும் சேர்த்து மூன்றையும் ஏன் செய்யவில்லை என்று நண்பர் ஒருவர் கேட்டார். உணரி 0.0625 பாகைப் படிகளில்தான் எண்ணைச் சொல்கிறது. மாறும் வேகத்தைக் கணக்கிட்டால், ஒன்றுமே மாறாத நேரத்தில் பூச்சியம், படி மாறும் கணத்தில் ஒரு குத்து என்று வருகிறது. ஒரு மாலை முயன்றேன், குமிழ்கள் காரணமின்றித் திடுக்கிட்டன, நீக்கிவிட்டேன். இவ்வளவு மந்தமான பெட்டிக்கு இரண்டு பங்குகள் போதும்.

பாதுகாப்பு பற்றி நான் பிந்தியே யோசித்தது சரியல்ல. ஒருநாள் உணரியின் வயர் தளர்ந்தது. அறுந்த உணரிக்கு நிரல் நூலகம் மறை 127 என்ற எண்ணைத் தருகிறது. என் கட்டுப்படுத்தி அதை உண்மை என நம்பி, 170 பாகை வழுவுக்கு நூறு சதவீத வலுவைக் கொடுத்தது. மின்சாரம் போய் வந்தவுடன் இதே உணரி அளக்கத் தொடங்குமுன் 85 என்றும் சொல்லும். இப்போது 10க்குக் குறைந்த, 70க்கு மேற்பட்ட எண் எதுவந்தாலும் வலு பூச்சியம், உண்டியல் அசையாது. ஆனால் நிரலை மட்டும் நம்பக்கூடாது: திண்மநிலை ரிலே பழுதானால் பெரும்பாலும் ஏற்றிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும், அப்போது நிரல் என்ன சொன்னாலும் குமிழ் எரியும். 60 பாகையில் தானே துண்டிக்கும் ஈருலோக ஆளி ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கி, குமிழ்களோடு தொடராக இணைத்து, டின்னுக்கு மேலே ரெஜிபோம் பக்கமாகப் பொருத்தினேன். மொத்தச் செலவில் மிகக் குறைந்த தொகை அது. முதல் நாளே வாங்கியிருக்கவேண்டியதும் அதுதான்.

மின்வெட்டுக்குப் பின் உண்டியல் மறந்துபோகாமல் இருக்க, அதை நானோவின் நிலை நினைவகத்தில் எழுதி வைக்கிறேன். நொடிக்கு ஒருமுறை எழுதுவதாக முதலில் நினைத்தேன். அந்த நினைவகத்துக்கு ஒரு இலட்சம் முறை எழுதும் ஆயுளே உறுதி சொல்லப்படுகிறது; நொடிக்கொன்று எழுதினால் 28 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் ஓர் இரவுக்கு 30 எழுத்து, பல வருடம் தாங்கும்.

இனி ஒன்று செய்வதாக இருந்தால் பால்மா டின்னை விட்டுவிட்டு, மெல்லிய அலுமினியத் தகட்டைக் குமிழிலிருந்து தள்ளி நிறுத்துவேன். தாமதம் குறைந்தால் மற்ற எல்லாமே எளிதாகும், நிரலால் சரிசெய்வதைவிட அது மலிவு. டபிள்யூ 1209க்குக் கொடுத்த 650 ரூபாய் மிஞ்சும். விசிறியை மேலே அன்றிக் கீழே வைப்பேன். நீரில் சோதிக்காமல் பாலை வைக்கமாட்டேன்.

நேற்று இரவு நான் வீட்டில் இல்லை, அக்காவே பெட்டியை ஏற்றியிருந்தார். காலையில் பதிவைப் பார்த்தேன். வெப்பநிலைக் கோடு 43இல் நேராகக் கிடந்தது. ஆனால் 27ஐச் சுற்றி நின்ற உண்டியல், 9.40இலிருந்து சிறுகச் சிறுக இறங்கி, பத்தே முக்காலுக்கு 23இல் போய் நின்றிருந்தது. குளிர் நாளென்றால் அது ஏறவேண்டும். நான்கு சதவீதம் என்றால் ஏறத்தாழ ஐந்து வாட். அவ்வளவு வெப்பம் எங்கேயோ வெளியேறாமல் தடுக்கப்பட்டிருக்கிறது. மூடியின் இடுக்கைத்தான் நினைத்தேன்.

"அக்கா, நேற்று ஒன்பதே முக்கால் மட்டில பெட்டிக்கு மேல ஏதும் போட்டனீங்களோ?"

"துவாயைப் போட்டனான். ஏன், போடக் கூடாதோ?"